நெரிடாவின் ஜாம் பாட்டில்

"ஐயையோ, இங்கே இருந்த ஜாம் பாட்டில் எங்கே?" நெரிடா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"தீர்ந்து போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்," என்றார் கணவர் கிளெம், டோஸ்ட்டைக் கடித்தபடி. "குப்பை வண்டியும் வந்துட்டுப் போயிடுச்சு. அதுக்கு ஏன் இப்படிக் கத்துறே?"

"அதுலதான் எங்கம்மா பேரு இருந்துச்சு!"

கடினா ஊரில் தன் பிறந்த வீடான பென்ரோஸ் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றியவள் நெரிடாதான். சனிக்கிழமை குடும்பச் சந்திப்பு. போன வாரம் தங்கை ஐடா போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"பிறந்த தேதியும் அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரும் கிடைச்சாப் போதுமாம், எவனோ நம்ம பேர்ல பேங்க்ல புகுந்துடுவானாம். நீ எல்லாத்தையும் கடை பரப்பி வச்சிருக்கியே அக்கா!"

நெரிடா அன்றே கணினி முன் உட்கார்ந்தாள். உயிரோடிருக்கும் அத்தனை பேரின் விவரங்களையும் இஷ்டத்துக்கு மாற்றினாள். மறுநாளே சித்தப்பா மகன் டென்சில் கூப்பிட்டான்.

"அக்கா, என்னை எங்கப்பாவுக்கு மூத்தவனா ஆக்கிட்டியே, நல்லா இருக்கா இது?"

உடனே வம்சாவளிக்கே பூட்டுப் போட்டாள். அப்போதும் மனசு கேட்கவில்லை. வங்கியில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயராகக் கொடுத்திருந்த பொல்கிங்ஹார்னை அழித்துவிட்டு, கண்ணெதிரே நின்ற ஜாம் பாட்டிலில் இருந்த பெயரைப் போட்டாள். இன்று காலை சந்திப்பில் எல்லோரும் சாப்பிட, இறைச்சி அடைத்த பேஸ்டிகளுக்குப் பணம் அனுப்பப் போனால், வங்கி அந்தப் பெயரைக் கேட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் போட்டுப் பார்த்ததில் கணக்கு முடங்கிப் போனது.

"எங்கேயாவது எழுதி வைக்கிறதுதானே?" என்றார் கிளெம்.

"எழுதி வச்சா திருடன் பாத்துட மாட்டானா?"

மதியத்துக்குள் பணம் வராவிட்டால் பேஸ்டி மொத்தமும் கால்பந்து கிளப்புக்குப் போய்விடும் என்று பேக்கரிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். குடும்பமே பட்டினியாக உட்கார்ந்து தன்னை முறைப்பதை நினைத்தாலே நெரிடாவுக்கு வியர்த்தது. போன சந்திப்பில் மண்டபச் செலவுக்காகத் தானே அச்சடித்து விற்ற, பாத்திரம் துடைக்கும் துண்டில் முகத்தைத் துடைத்துவிட்டு, வங்கிக்கு ஓடினாள்.

வங்கியில் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரு என்னங்க?"

"ரகசியம்!"

"என்கிட்டயாவது சொல்லணுமே."

"எனக்கே தெரியாதும்மா! ஏதோ ஒரு ஜாம்!"

சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பாதுகாப்பும் செய்து, கடைசியில் தன் கணக்குக்குள் தானே நுழைய முடியாமல் நிற்கிறோமே என்ற ஆத்திரம். அந்தப் பெண் பதறிப்போய் உள்ளே ஓடி, ஒரு கோப்பை டீயும் கண் துடைக்க ஒரு துண்டும் கொண்டுவந்தாள். நெரிடா துண்டை விரித்தாள். போன சந்திப்பில் அவள் விற்ற அதே துண்டு!

அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்தாள்.

"அட, இதுல அச்சடிச்சிருக்கிற வம்சாவளியில மூணாவது கிளையில இருக்கிற நெரிடா நீங்கதானா? பிறந்த தேதி, அம்மா பொல்கிங்ஹார்ன் வீட்டுப் பொண்ணு, எல்லாம் எவ்வளவு பளிச்சுன்னு போட்டிருக்காங்க! நான் இதை வாங்கின பழைய சாமான் கடையில இன்னும் ஒரு பெட்டி நிறைய கிடக்குது, மேடம்!"