நூற்றுத் தொண்ணூற்று நான்காம் டப்பா

டப்பா கவிழ்ந்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் டெக்னீஷியன் காதில் அது ஏழு மாடிக் கட்டடம் இடிந்த மாதிரி விழுந்தது.

மணி பத்து. மேசையில் ஒரு மஞ்சள் குளம். குளத்தின் நடுவே நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று எண் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா குப்புறக் கிடந்தது. மூடியைச் சரியாகத் திருகாதது வலது கை. இடித்துத் தள்ளியது இடது முழங்கை. அவன் இரண்டையும் மாறி மாறி முறைத்தான். அதற்குள் குளம் மேசை விளிம்பைத் தாண்டி அருவியாகிவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவின் டாக்டரம்மா நான்கு வருடங்களாக ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் இருநூறு பேர், ஆளுக்கு ஒரு டப்பா சிறுநீர். ஊசி கிடையாது, குழாய் கிடையாது. வெறும் சிறுநீரை வைத்தே சிறுநீர்ப்பைப் புற்றுநோயையும் புராஸ்டேட் புற்றுநோயையும் முளையிலேயே பிடித்துவிட முடியுமா என்பதுதான் கேள்வி. அன்று மாலை நான்கு மணிக்குப் பெரிய ஆய்வுக்கூடத்து வேன் வந்து பனிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போகும். பெட்டியில் இருநூறு இருந்தால்தான் எடுக்கும். ஒன்று குறைந்தாலும் வந்த வழியே திரும்பிவிடும்.

இருநூறும் போய்விட்டால் டெக்னீஷியனின் ஆறு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகிவிடும். கடிதம் தயாராகி டாக்டரம்மாவின் இழுப்பறையில் படுத்திருந்தது. வீட்டில் மாமனார் அவனுக்கு 'டப்பா மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து, அது உறவினர் நாற்பது பேருக்கும் பரவி, கடைசியாக ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறை வரை வந்துவிட்டது. கடிதம் வந்தால் டப்பா உதிர்ந்து மாப்பிள்ளை மட்டும் மிஞ்சுவான்.

டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பு இதே மேசையில் ஒரு டப்பா கவிழ்ந்தபோது அவர், "இன்னொரு தடவை கொட்டினா..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார். அந்த வாக்கியத்தை அவனே தினமும் விதவிதமாக முடித்துப் பார்த்து இளைத்துக்கொண்டிருந்தான்.

பேசாமல் தானே நிரப்பிவிட்டால்? வயது முப்பத்து நான்கு என்று டப்பா சொல்லுமா என்ன? காலி டப்பாவை எடுத்துக்கொண்டு கழிவறை வரைக்கும் போனான். கதவுக்குப் பக்கத்தில் டாக்டரம்மா கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் அவனையே பார்த்தது: 'ஒரு டப்பா பொய் சொன்னால் இருநூறும் பொய்.' டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினான். அவன் அவசரக்கார முழங்கைகளைக் கொண்டவனே தவிர, கெட்டவன் இல்லை.

கடைசிப் பதினோரு டப்பாக்களும் அன்று காலையில் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இரண்டு தெரு தள்ளி, சீருடை தைக்கும் பட்டறை. ஐம்பதைத் தாண்டிய தையல்காரர்கள் பதினோரு பேர் அங்கே இருந்தார்கள். காலர் வைப்பவர் காலர் மட்டும்தான் வைப்பார். காஜா எடுப்பவர் காஜா மட்டும்தான் எடுப்பார். துணி வெட்டும் மாஸ்டர்தான் நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

டெக்னீஷியன் ஓடினான். வழியில் இருந்த அத்தனை நாய்களும் இவன் எதையோ திருடிவிட்டான் என்று முடிவு செய்து பட்டறை வாசல் வரை கொண்டுவந்து விட்டன.

"மாஸ்டர், இன்னொரு டப்பா வேணும்."

மாஸ்டர் கையிலிருந்த கத்திரி துணியின் பாதியில் நின்றது. "எதுக்குத் தம்பி?"

கொட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டறை முழுக்கக் காதுகள். இங்கே சொன்னது ஆஸ்பத்திரிக்கு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

"சும்மாதான். டாக்டரம்மா இன்னொரு தடவை பார்க்கணுமாம்."

ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவன் 'சும்மாதான்' என்றால் யார் நம்புவார்கள்? ஒரு தையல் இயந்திரம் நின்றது.

"பதினொண்ணையுமா?"

"சேச்சே. உங்களுதை மட்டும்தான்."

"மத்த பத்தும்?"

"மத்த பத்தும் தங்கம், மாஸ்டர்."

இன்னும் இரண்டு இயந்திரங்கள் நின்றன. மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"அது எப்படித் தம்பி? பத்து தங்கமா இருக்கும்போது ஒண்ணு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?"

காலங்காலமாக மனிதன் விதியைப் பார்த்துக் கேட்டுவரும் கேள்வி அல்லவா அது? டெக்னீஷியன் பார்வையைத் தரைக்கு இறக்கினான். அதைப் பட்டறை பார்த்துவிட்டது. மிச்சமிருந்த இயந்திரங்களும் நின்றன.

மூலையில் இஸ்திரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நாள் முழுக்க அந்தச் சூட்டில் நிற்பதற்காகக் காலடியில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பார். அவர் கையிலிருந்த பெட்டி ஒரு கால்சட்டையின் மேல் அப்படியே நின்று, புகை கிளம்பியது. அவர் மயங்கிச் சரிந்தார். பட்டறையே பாய்ந்து அவரைத் தாங்கியது. ஒருவர் விசிறினார், ஒருவர் முதுகைத் தடவினார். காலர்க்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். கெட்ட செய்தி மாஸ்டருக்கு வந்திருக்க, மயக்கம் இஸ்திரிக்காரருக்கா? இப்படியும் ஒரு பாசமா என்று டெக்னீஷியன் வியந்துபோனான்.

மாஸ்டர் அவன் காதோடு சொன்னார். "தம்பி, இஸ்திரிக்காரனையும் கூட்டிக்கிட்டு வந்துடறேனே."

"ஒருத்தரும் வேணாம். நீங்க மட்டும் போதும்."

"நான் மட்டும் வந்து என்ன பிரயோஜனம்?"

விரக்தியில் பேசுகிறார் என்று நினைத்து, டெக்னீஷியன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மணி பதினொன்றரை. கழிவறைக்குள் போன மாஸ்டர் இருபது நிமிடம் கழித்து, கழுவிக் காயவைத்த மாதிரி சுத்தமான டப்பாவோடு வெளியே வந்தார். டெக்னீஷியன் மூன்று டம்ளர் தண்ணீர் கொடுத்தான். பிறகு இரண்டு டீ. பிறகு கேண்டீனில் இருந்த அத்தனை பழச்சாறும். குழாயைத் திறந்து விட்டுச் சலசலக்க வைத்தான். கதவுக்கு வெளியே நின்று, குழந்தைக்குச் செய்வதுபோல 'உஸ்ஸ்' என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். அதைக் கேட்டு, வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழு நோயாளிகள் எழுந்து அவசரமாகக் கழிவறையைத் தேடினார்கள். மாஸ்டர் மட்டும் அசையவில்லை.

"ஆறு மாசமாவே இப்படித்தான் தம்பி. சட்டுனு வராது. யார்கிட்டயும் சொன்னதில்லை," என்று ஈனக்குரலில் ஒப்புக்கொண்டார். அதை டாக்டரம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று அதட்டி, டெக்னீஷியன் அங்கேயே அவர் பெயருக்கு மறுநாள் சீட்டு போட்டான். அந்த நாளில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பன்னிரண்டரைக்கு மாஸ்டரின் மனைவி தலைவிரிகோலமாக வந்து சேர்ந்தார். டெக்னீஷியன் கண்டிப்பான குரலில், அவர் கணவருக்கு ஒன்றுமே இல்லை என்றான். தன் மாமாவுக்கும் கடைசி வரை அப்படித்தான் சொன்னார்கள் என்றார் அந்த அம்மாள். அவரைத் தேற்ற வேண்டுமே என்று அவன் நல்ல எண்ணத்தோடு ஒரு வார்த்தை சொன்னான்.

"இருநூறு பேர்ல இவரை மட்டும்தான் தேடிக்கிட்டு ஓடி வந்தோம்னா பாருங்களேன்."

அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப இரண்டு நர்சுகள் தேவைப்பட்டார்கள்.

இரண்டு மணிக்குப் பட்டறையே துணி ஏற்றும் வண்டியில் வந்து இறங்கியது. நடுவில் இஸ்திரிக்காரர், கழுத்து வரை போர்வை. ஒரு பக்கம் காலர்க்காரரும் மறுபக்கம் காஜாக்காரரும் தாங்கிக்கொண்டிருந்தார்கள். டெக்னீஷியன் எங்கே போனாலும் அவரைத்தான் முன்னால் தள்ளினார்கள். 'இவனைக் கொஞ்சம் பாருங்க' என்று கெஞ்சினார்கள். மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று அவன் ரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்தான். கையில் அந்தப் பட்டையைச் சுற்றியதும் இஸ்திரிக்காரர் கண்ணீர் விட்டார்.

"பொழைக்க வழி இருக்கா சார்?"

"அழாதீங்க. மாஸ்டர் நல்லா இருக்கார்."

"அவர் நல்லாத்தான் சார் இருப்பார்," என்று இஸ்திரிக்காரர் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மூன்று மணிக்கு டாக்டரம்மா அந்தப் பக்கம் வந்தார். கூட்டத்தைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்டார். டெக்னீஷியன் மூளை வெந்துபோய் இருந்தது. அதிலிருந்து வாய்க்கு வந்த பதில், இவர்கள் ஆராய்ச்சிக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்பதுதான்.

நான்கு வருடத்தில் டாக்டரம்மாவுக்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. இருநூறு பேரையும் கெஞ்சிக் கூத்தாடித்தான் சேர்த்திருந்தார். அவர் நெகிழ்ந்துபோய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார். இந்த வியாதியை ஆரம்பத்திலேயே பிடித்தால் பயமே இல்லை, சிறுநீர்ப்பையில் இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், புராஸ்டேட்டில் வந்தாலும் எத்தனையோ பேர் பல வருடம் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று விளக்கினார். 'சுரண்டி' என்ற இடத்தில் இஸ்திரிக்காரர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். 'ஒரே வாரத்தில்' என்ற இடத்தில் மாஸ்டர் மனைவி ஓவென்று அழுதார். தன் பேச்சு இவ்வளவு உருக்கமாக இருக்கிறதே என்று டாக்டரம்மா இன்னும் பதினைந்து நிமிடம் நீட்டினார்.

மணி மூன்று நாற்பத்தைந்து. வேன் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

டெக்னீஷியன் கழிவறைக்குள் ஓடினான். மாஸ்டர் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார், கையில் காய்ந்த டப்பா. இவனுக்கு இனி மறைக்கத் தெம்பு இல்லை.

"மாஸ்டர், உங்க டப்பாவுல ஒரு குறையும் இல்ல. நான் கொட்டிட்டேன். முழங்கை பட்டுக் கவுந்துடுச்சு. வேலை போயிடும்னு பயந்து பொய் சொன்னேன்."

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "கொட்டிடுச்சா?"

"ஆமா."

"அப்போ யாருக்கும் ஒண்ணும் இல்லையா?"

"இன்னும் டெஸ்ட்டே பண்ணல மாஸ்டர்."

மாஸ்டர் சிரித்தார். வயிறு குலுங்க, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தக் குலுக்கலில் ஆறு மாத அடைப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், இரண்டு டீ, கேண்டீனின் அத்தனை பழச்சாறு எல்லாவற்றுக்கும் ஒருசேர விடுதலை கிடைத்தது. டெக்னீஷியன் பாய்ந்து டப்பாவை நேராகப் பிடித்து நிறுத்தினான். எத்தனையோ கச்சேரி கேட்டவன்தான் அவன். இத்தனை இனிய ஓசையை எதிலும் கேட்டதில்லை.

மூன்று ஐம்பத்து நான்குக்கு மூடி. மூன்று முறை திருகினான். ஐம்பத்தாறுக்கு எண். ஐம்பத்தெட்டுக்குப் பனிப்பெட்டி. சரியாக நான்கு மணிக்கு டாக்டரம்மா இருநூறையும் தன் கையாலேயே எண்ணி, பெட்டிக்கு முத்திரை வைத்தார். வேன் கிளம்பித் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அவர் கண் கலங்க இழுப்பறையைத் திறந்து, கடிதத்தை எடுத்து டெக்னீஷியன் கையில் கொடுத்துவிட்டு, தோளிலும் ஒரு தட்டு தட்டினார். இருநூறு நல்ல மனிதர்களால்தான் இது நடந்தது என்றார்.

வராந்தாவில் மாஸ்டர் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டியது ஒரு டப்பா, குறைந்தது ஒரு டப்பா, வியாதி ஒருவருக்கும் இல்லை. பட்டறை ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டது. மனைவி அவரை இரண்டு அடி அடித்துவிட்டு அழுதார். டெக்னீஷியன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். காலை பத்து மணிக்குப் பிறகு அப்போதுதான் ஒரு முழு மூச்சு விட்டான்.

இஸ்திரிக்காரர் போர்வையைக் கீழே போட்டுவிட்டு, மறுபிறவி எடுத்தவர்போல் ஓடிவந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு டப்பாவுக்கா சார் இத்தனை அலைச்சல்? காலையிலேயே என்கிட்ட சொல்லியிருந்தா, பதினொண்ணோட பன்னெண்டா அதையும் நானே நிரப்பிக் குடுத்திருப்பேனே."