பெண் பார்க்கப் போய் எலக்ட்ரானை விளக்கிய கதை

அன்று அந்த ரப்பர்த் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், லயத்து வீட்டில் இருந்தவர்கள்: பெண்ணின் அப்பா, கூலிகளை வேலை வாங்கும் சின்னையா மண்டோர், அவர் மனைவி, பெண் பூங்கோதை, மரியாதைக்காக அழைத்திருந்த, கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி, என் அப்பா, அம்மா, நான். இல்லாதவர் ஒருவர்தான்: பெண்ணின் அண்ணன் முத்து. அம்பாங் பெச்சா பக்கம் மரம் வெட்டப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நம்பினோம். (நான் எதையும் நம்புவேன். அச்சடித்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் நம்புவேன்.)

வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. கோலசிலாங்கூருக்கு வடக்கே மற்றத் தோட்டங்களைப் போலவே அந்த லயத்தைச் சுற்றியும் முள்கம்பி வேலி. ஒரு வீட்டுப் பிள்ளை காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தால், அந்த வீட்டையே லோரியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். காட்டுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று எங்கள் தாம்பூலத் தட்டில் இருந்த சர்க்கரையைக்கூட கேட்டிலேயே பிடுங்கிக்கொண்டு, வாழைப்பழத்தை மட்டும் உள்ளே விட்டார்கள். என்னையும் அங்கேயே பிடித்து வைத்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை திக்குவாயா என்று தெரிந்துகொள்ள, பெண் வீட்டார் அவனைப் பேச வைத்துப் பார்ப்பார்கள். நானோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை வாயே தொறக்கலியே," என்றார் பெண்ணின் அம்மா.

"படிச்ச புள்ள, யோசிச்சுத்தான் பேசுவான்," என்றார் என் அப்பா. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான் என்பதால், என் தும்மல்கூட அவருக்குப் பெருமைதான். "சிங்கப்பூர்ல என்ன படிச்சேன்னு சொல்லுடா."

வேறு யாராக இருந்தாலும் 'சயன்ஸ்' என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்திருப்பான். நான் உண்மையாகப் பதில் சொன்னேன். ஒரு மூலக்கூறுக்குள் அளவுக்கு மீறி ஆற்றல் ஏறிய எலக்ட்ரான், மின்புலத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்பது என் பாடம். எல்லாரும் விழித்தார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். வடையும் நிலக்கடலையும் இருந்த தட்டை என் பக்கம் இழுத்தேன்.

"இந்த ரெண்டு வடையும் ரெண்டு அணு. ஒட்டி வச்சா ஒரு மூலக்கூறு. ஒரு வீடுன்னு வச்சுக்குங்க. இந்தக் கச்சான் கொட்டைதான் எலக்ட்ரான், வீட்டுப் பிள்ளை. சாதாரணமா பக்கத்துலயே சுத்தும். ஆற்றல் ஏறிட்டா தூரமா போயிரும்." கொட்டையைத் தட்டின் விளிம்புக்கு நகர்த்தினேன். "ஒறவு அறுந்துபோகல. ஆனா பேருக்குத்தான் ஒட்டியிருக்கு. இப்ப வெளிய இருந்து ஒரு இழுப்பு. லேசாத்தான்."

தட்டைச் சாய்த்தேன். கொட்டை உருண்டு கதவைத் தாண்டிப் போனது.

"அவ்வளவுதான். இனிமே அது இந்த வீட்டுப் பிள்ளை இல்ல."

வீடு நிசப்தமானது. பாடத்தில் ஆழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். (இன்று ஆசிரியனாக இருக்கிறேன். நிசப்தத்தில் எத்தனை வகை உண்டென்று இப்போது தெரியும்.)

"இன்னொரு வழியும் இருக்கு. தூரமா போனது திரும்பி வந்து, கொண்டுவந்த ஆற்றலையெல்லாம் வீட்டு மேலயே போட்டுரும். வீடு தாங்காது." வடைகளைப் பிய்த்துக் காட்டினேன்.

பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அவன் திரும்பி வந்தா நாங்க ஒடஞ்சுபோயிருவமா தம்பி?"

"ஏய், சும்மா இரு," என்றார் மண்டோர்.

ஒரு மாணவி சந்தேகம் கேட்டதாகவே எனக்குப் பட்டது. உற்சாகமாகிவிட்டேன். "அப்படி இல்லைங்க. மூணாவது வழி ஒண்ணு இருக்கு. ஆற்றலை வெளிச்சமா விட்டுட்டு அமைதியா எறங்கி வந்துரும். ஆனா அவ்வளவு தூரம் போனது எறங்க ரொம்ப நேரமாகும். பெரும்பாலும் அதுக்குள்ள புலம் இழுத்துக்கும்."

"நேரமானா ஆகட்டும். எம்புள்ள முத்து காட்டுலேருந்து எறங்கி வர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டிருப்பேன்," என்று அந்த அம்மா அழுதார்.

மரம் வெட்டப் போன கதை அத்தோடு முடிந்தது. கிராணி கோப்பையைக் கீழே வைத்து எழுந்தார்.

"மண்டோரே, என் காதுல விழுந்துருச்சு லா. விழாத மாதிரி இருந்தா நாளைக்கு என்னையும் கொண்டுபோயிருவான். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவர் படியிறங்கிப் போன பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. என் கையில் அரை வடை. எங்கே வைப்பதென்று தெரியாமல் தின்றுவிட்டேன். பூங்கோதை வந்து தட்டை எடுத்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு: "இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா, இல்ல இவ்வளவுதானா?"

போலீஸ்காரர்கள் வந்து மண்டோரைக் கொண்டுபோனார்கள். மகனுக்கு அவர் ஒரு மணி அரிசி அனுப்பியதில்லை, ஆனால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. தடுப்பு முகாமில் வைத்தார்கள். அம்மாவையும் மகளையும் லயத்தைக் காலிசெய்யச் சொன்னார்கள். என் அப்பா என்னை ஏசவில்லை. "அந்த வீட்டை ஒடச்சவன் நீ. இருக்கிறவங்களையாச்சும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா," என்றார்.

பூங்கோதை ஒரே நிபந்தனை போட்டாள். கல்யாணத்தில் மாப்பிள்ளை பேசக்கூடாது. சபாக்கில் தாலி கட்டினேன். வந்தவர்கள் தாலியைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊமை மாப்பிள்ளை என்று இன்னும் அங்கே பேச்சு.

வக்கீல், பிணை, முகாமுக்குப் போய்வந்த பஸ் செலவு என்று அப்பாவின் மாடுகளும் அம்மாவின் சங்கிலியும் போயின. ஒருவழியாக மண்டோரை, இப்போது என் மாமாவை, விட்டார்கள். எங்களோடுதான் இருக்கிறார். முத்துவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அத்தை சில சாயங்காலங்களில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னும் நேரமாகுமா மாப்பிள்ளை?" என்று கேட்பார். ஆகும் அத்தை என்பேன். அதற்கு மேல் விளக்குவதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் பூங்கோதை இதைச் சொல்லாமல் விடமாட்டாள். "இவர் படிச்சதுக்குக் கவர்மெண்டு காசு குடுத்துச்சு. படிச்சதை ஒருவாட்டி சொன்னதுக்கு நாங்க குடுத்தது தொள்ளாயிரம் வெள்ளி."

மாமா உள்ளேயிருந்து திருத்துவார்: "தொள்ளாயிரத்து நாப்பது."