அத்தை அளந்த பை

மாமியார் சாய்ராகுல் அத்தை மறுபடியும் பையை அளந்துகொண்டிருந்தார்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, நீளத்துக்கு ஒரு தடவை, அகலத்துக்கு ஒரு தடவை சாண் போட்டார். பிறகு உள்ளே கைவிட்டு ஆழம் பார்த்தார். மருமகன் தாலாய் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், அல்மாத்தி நகரத்தில் மாமியாருக்கு ஒரு தங்கை உண்டு. தாலாய் போவதும் அல்மாத்திக்கு. போன வசந்தத்தில் அவன் ஓஷ் நகரத்துக்குப் போனபோது, அங்கிருக்கும் மைத்துனனுக்கு என்று இதே சாய்ராகுல் அத்தை ஒரு ஜாடி நெய் கொடுத்தனுப்பினார். மலைப்பாதையில் மூடி திறந்துகொண்டது. பழைய லேப்டாப் நெய்யில் குளித்து உயிரை விட்டது. பாவம், அத்தை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் பயம் பயம்தானே.

இந்த முறை பையில் போவது புது லேப்டாப். குதிரைகள் எந்த மேய்ச்சலில் நிற்கின்றன என்று காட்டும் நிரலை, இரண்டு வருடம் கண்விழித்து அதில் எழுதியிருந்தான். அல்மாத்தி கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் மறுபடி செல்போன் பழுது பார்க்கும் கடைதான்.

"புருலாய், உங்கம்மா எதுக்கு என் பையை அளக்கறாங்க?" என்றான் மனைவியிடம்.

"என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களே கேளுங்க."

"கேட்டா, 'இதை எடுத்துட்டுப் போங்க'ம்பாங்க. அப்புறம் நான் என்ன பண்றது?"

ஒன்றும் பண்ண முடியாது. மாமியார் வாயால் சொல்லிவிட்டால், மாட்டேன் என்று சொல்லும் மருமகன் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. சொல்லவிடாமல் தப்பிப்பதுதான் ஒரே வழி. அத்தை வாயைத் திறந்தாலே தாலாய் செருப்பைத் தேடினான். அவரோ நாளெல்லாம் அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கு வழியாக ஆட்டு வாடை வந்தது. தங்கைக்கு அனுப்பப்போவது எங்கள் பக்கத்து விருந்துப் பண்டமான ஆட்டு வால் கொழுப்பு என்று முடிவு செய்தான் தாலாய். வெயிலில் உருகினால் நெய்யெல்லாம் அதன் கால்தூசி.

பையைத் தூக்கிக்கொண்டு தோர்தோய் சந்தைக்கு ஓடினான்.

"நல்ல பையாச்சே தம்பி. சுத்தி மெத்தை வச்சிருக்கு, தண்ணி புகாது. ஏன் திருப்பித் தர்றே?" என்றாள் கடைக்காரி.

"இடம் ஜாஸ்தியா இருக்கு, அக்கா."

"இடம் பத்தலைன்னுதான் எல்லாரும் வருவாங்க," என்று சொல்லி, அதைவிடச் சிறியதாக ஒன்றைக் கொடுத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை சாண் போட்டார்.

"இது சின்னதா இருக்கே, மாப்பிள்ளை," என்றார் வருத்தமாக.

"ஆமாங்க அத்தை, ரொம்பச் சின்னது," என்றான் சந்தோஷமாக.

"பரவாயில்லை. கொஞ்சம் குறைச்சுட்டாப் போச்சு."

தாலாய் வந்த காலோடு மறுபடி சந்தைக்குப் போனான்.

"இருக்கறதுலயே ஒல்லியா ஒண்ணு குடுங்க."

"இதுக்கு மெத்தை கிடையாது. லேப்டாப் மட்டும்தான் போகும். அடிபட்டா என்கிட்ட வந்து நிக்காதே."

"கொழுப்பு போகுமா?"

"என்னது?"

"ஆட்டு வால் கொழுப்பு."

கடைக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையைக் கட்டிக் கொடுத்தாள்.

சார்ஜருக்கு அதில் இடமில்லை. குதிரை நிற்குமிடத்தைச் சொல்ல அதன் கழுத்தில் கட்டும் கருவிகளுக்கும் இல்லை. எல்லாவற்றையும் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டான். கிளம்பும் காலையில், வழக்கப்படி வாசலில் நின்று ரொட்டியை ஒரு கடி கடித்தான். மீதி ரொட்டி அவன் திரும்பி வரும்வரை வீட்டில் காத்திருக்கும். அவன் வாய் நிறைந்திருந்த அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. கையில் ஒரு மூட்டை.

"இதை எடுத்துட்டுப் போங்க, மாப்பிள்ளை. வண்டி கிளம்பறதுக்குள்ள பிரிச்சுப் பாருங்க."

வாயில் ரொட்டியோடு தலையைத்தான் ஆட்ட முடிந்தது. மூட்டையை அழுத்திப் பார்த்தான். மெத்தென்று அமுங்கியது. ஆட்டு வாடை மூக்கைத் துளைத்தது.

வேன் ஓட்டுநர் ரிஸ்குலிடம் அதை அப்படியே நீட்டினான். "அண்ணே, வீட்டுல குடுத்த வால் கொழுப்பு. நீங்களே சாப்பிடுங்க."

"நல்லா இருப்பே, தம்பி," என்று ரிஸ்குல் வாங்கி வைத்துக்கொண்டார்.

கொர்தாய் எல்லையில் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இறங்கி நடந்தார்கள். தாலாயின் கோட்டுப் புடைப்பைப் பார்த்த காவலர் ஓரமாகக் கூப்பிட்டார்.

"என்ன இது?"

"குதிரைக்குக் கட்டறதுங்க."

"குதிரை எங்கே?"

தாலாய் பையைக் கீழே வைத்துவிட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினான். பின்னால் நின்ற ஒரு அம்மாள் தன் உருளைக்கிழங்குச் சாக்கைத் தோளிலிருந்து இறக்கினாள். அது பையின்மேல் இறங்கியது.

அந்தப் பக்கம் போய் வேனில் ஏறியதும் பையைத் திறந்தான். திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரு விரிசல் ஓடியது. விசையை அழுத்தினான். திரையில் வெளிச்சம் வந்தது. விரிசலுக்கு இரண்டு பக்கமும் குதிரைகள் புள்ளிகளாக மேய்ந்தன. வேலை செய்கிறது. நாளைக்கு இந்த விரிசலோடுதான் காட்டவேண்டும். அவமானம்தான், ஆனாலும் பிழைத்தது. நல்லவேளை, கொழுப்பு மட்டும் படவில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

வழியில் தேநீர்க்கடையில் வண்டி நின்றது. ரிஸ்குல் ரொட்டியைப் பிட்டு வைத்துக்கொண்டு மூட்டையை அவிழ்த்தார். அவிழ்த்தவர் அப்படியே எழுந்து தாலாயிடம் வந்தார்.

"இதைத் தின்ன முடியாது, தம்பி. உன் கம்ப்யூட்டர் அடிபடாம இருக்க, கெட்டிக் கம்பளியில உறை தச்சிருக்காங்க. சின்னதாக்கறதுக்குப் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சிருப்பாங்க போல, ஓரமெல்லாம் ஊசி போன தடம்."