தும்மல் அண்ணாச்சியின் கல்கத்தா டிக்கெட்

தும்மியே விஞ்ஞானத்தை வளர்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரும் எங்கள் விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் தும்மல் அண்ணாச்சி.

மூட்டையைப் பிரித்து ஒரு வத்தலைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோவார். தும்மல் வந்தால் சரக்கு இறங்கும். வராவிட்டால் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஒருமுறை ஜலதோஷம் பிடித்து, வந்த சப்பைச் சரக்கையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டார். ஜலதோஷம் தீரும்வரை வீட்டம்மா அவரை மண்டிப் பக்கமே விடவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர். வத்தலை நிறமும் காரமும் போகாமல் சேமிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கல்கத்தா மாநாட்டில் வாசிக்க அழைப்பு வந்துவிட்டது. அங்கே நன்றாகப் பேசினால் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்ய இடம் உண்டு. இல்லையென்றால் ஆயுளுக்கும் சோதனைக் குழாய் கழுவ வேண்டியதுதான். கல்லூரியில் லீவு கொடுத்தார்கள், ரயில் செலவு உன் பாடு என்றார்கள். ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி வேலை செய்யும் அப்பாவிடம் கேட்க மனசு வரவில்லை. அண்ணாச்சியிடம் போனேன்.

கட்டுரையை வாங்கி முகர்ந்தார். தும்மல் வரவில்லை.

"என்னலே இது, காரமே இல்ல? வத்தல் வெளுக்காம இருக்க வழியாக்கும்! வெளுக்குமுன்ன வித்துட்டுப் போவியா, அத விட்டுட்டு!"

"கல்கத்தால வாசிக்கக் கூப்பிட்டிருக்காக அண்ணாச்சி."

"அம்புட்டுத் தூரமா! சரி, கையக் குடு" என்று தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டார்.

மண்டியில் விலை பேசுவது அப்படித்தான். அடுத்தவர் கண்ணில் படாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தொகையைச் சொல்ல வேண்டும். கூச்சத்தோடு இரண்டு விரலைப் பிடித்தேன். வெடுக்கென்று உதறினார்.

"ஏலே, இத வச்சு மெட்ராஸத் தாண்ட மாட்டியே!"

மூன்றைப் பிடித்தேன்.

"திரும்பி வார எண்ணம் இருக்கா, இல்லியா?"

நான்கு.

"இந்தக் கிழிஞ்ச சட்டையோடதான் போகப் போறியா?"

பஜாரே கூடிவிட்டது. பக்கத்து மண்டிக்காரர் எனக்குச் சிபாரிசுக்கு வந்தார். "சின்னப் பையன் அண்ணாச்சி, விட்டுக் குடுத்துருங்க."

"நான் எங்க விட்டுக் குடுக்க? இவன்தாம்லே ஏற மாட்டேங்கான்!" என்று கத்திவிட்டு, ஐந்து விரலையும் அவரே என் கைக்குள் திணித்தார்.

"சாம்பிள் எங்கலே?"

"அங்க பேச்சு மட்டுந்தான் அண்ணாச்சி."

"சாம்பிள் இல்லாத பேச்ச எவன் வாங்குவான்?"

நான் எட்டு மாதம் சேமித்து வைத்திருந்த வத்தலில் ஒரு பொட்டலம் கட்டவைத்த பிறகுதான் விட்டார்.

கல்கத்தாவில் வாசித்து முடித்ததும், "காரம் போகவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று தலைவர் கேட்டார். பொட்டலத்தை நீட்டினேன். ஒன்றை ஒடித்து முகர்ந்தார். அவ்வளவுதான், தலைவர் தும்ம, செயலாளர் தும்ம, முன்வரிசை முழுக்கத் தும்மித் தீர்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலையே எனக்கு ஆராய்ச்சி இடம் கிடைத்துவிட்டது.

ஊர் திரும்பியதும் மண்டிக்கு ஓடினேன். "அண்ணாச்சி, எடம் கெடச்சிருச்சு!"

மேலும் கீழும் பார்த்தார். "அது கெடக்கட்டும். மூஞ்சி என்ன இப்படி வாடிக் கெடக்கு? அங்கன ஒழுங்காச் சோறு கெடச்சுதாலே?"

பதிலுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு இழுத்துப்போய் இலை போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் முன்னால் உட்கார்ந்து ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டிருக்கிறேன். மகராசர்கள், கொடுத்தும் இருக்கிறார்கள். போன இடத்தில் சோறு கிடைத்ததா என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.