ஒரு சாண் குறைந்த குளம்

நீச்சல் போட்டி நடத்தும் குளம் ஐம்பது மீட்டர் நீளம் இருக்க வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, நீச்சல் சங்கத்துக்குக்கூடக் கிடையாது. ஐம்பது மீட்டர் என்றுதான் வரைந்தார்கள், ஐம்பது மீட்டர் என்றுதான் தோண்டினார்கள். திறப்பு விழா வரைக்கும் அது ஐம்பது மீட்டராகத்தான் இருந்தது.

விழா என்றால் கல்வெட்டு வேண்டுமே! வெளிச்சுவரில் இடமில்லை. முந்தைய தலைவர்கள் ஆளுக்கொரு கல்லைப் பதித்துச் சுவரை நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். உள்சுவரில் வைக்கலாமென்றால் அங்கே கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி. தலைவர் பேருக்குப் பக்கத்தில் அது நன்றாயிருக்காது. கடைசியில் குளத்துக்குள்ளேயே, நீந்திப் போகிறவர்கள் திரும்பும் சுவரில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நீளமாக ஒரு கருங்கல்லைப் பதித்தார்கள். சங்கத் தலைவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவருக்கு நீச்சல் தெரியாது. கரையில் இருந்தபடியே குனிந்து, இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, தன் பெயரைத் தானே படித்துக்கொண்டார்.

கல்லின் கனம் ஒரு சாண்.

இந்தக் குளத்தில்தான் நம்ம நீர்க்கோழி நீந்தினாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். இங்கே முங்கினால் எங்கே எழுவாள் என்று யாருக்கும் தெரியாததால் அந்தப் பெயர். வைத்தவர் அவளுடைய பயிற்சியாளர் விசில் சார். அவர் வாயில் விசில் இருக்கும். விசில் இல்லாவிட்டால் திட்டு இருக்கும். அந்த வருஷம் கல்லூரிகளுக்கான போட்டியில், நூறு மீட்டரை அவள் முடித்தபோது, நேரம் பார்த்தவர் கடிகாரம் ரிப்பேரோ என்று தட்டிப் பார்த்தார். நாட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்த வேகத்தில் நீந்தியதில்லை.

சாதனை என்றால் குளத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அளந்தார்கள். போகும்போது ஒரு சாண் குறைவு, வரும்போது ஒரு சாண் குறைவு. சாதனை ரத்து.

நீர்க்கோழி விசில் சாரைக் கூட்டிக்கொண்டு சங்கச் செயலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தக் கல்லை எடுத்துட்டா குளம் சரியாயிடும் சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குளம் குறையலம்மா. கல்வெட்டு கூடியிருக்கு. ரெண்டும் வேற வேற."

"அளந்தா ஒண்ணாத்தானே சார் வருது?"

"அளக்கிறது எங்க வேலை. நீந்துறது உன் வேலை. போய் நீந்து."

விசில் சாருக்குப் பொறுக்கவில்லை. "நீளத்தை விடுங்க சார். கல்லு வேற வழவழன்னு இருக்கு. புள்ள குட்டிக்கரணம் போட்டு ரெண்டு காலாலயும் எட்டி உதைச்சா வழுக்குது."

செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். "என்னது? காலாலயா? தலைவர் பேர் மேலயா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் இதுதான். அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஆணை: "மேற்படி கல்வெட்டின்மீது எவருடைய காலும் எக்காரணம் கொண்டும் படலாகாது. நீந்துவோர் இரு கைகளாலும் கல்வெட்டைத் தொட்டு, தலையை நீருக்கு மேல் உயர்த்தி, 'தலைவர் வாழ்க' என ஒருமுறை திருத்தமாக உச்சரித்தபின் திரும்ப வேண்டும். இதற்காகும் நேரம், குறைவதாகச் சொல்லப்படும் நீளத்துக்கு ஈடாகக் கருதப்படும்."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் பழகிப்போனது. அதற்கடுத்த மாதம் அது நாகரிகமாகிவிட்டது. கல் இல்லாத குளம் வைத்திருந்தவர்கள் கூச்சப்பட்டு, வெறும் சுவரைப் பார்த்துக் கத்தினார்கள். மூச்சு வாங்காமல் 'வாழ்க' சொல்ல விடுமுறை வகுப்புகள் முளைத்தன. நீர்க்கோழியின் அக்காவே தன் பையனைச் சேர்த்துவிட்டாள்.

"அவனுக்குத் தண்ணியக் கண்டாலே ஆகாதேக்கா?"

"பக்கெட்டைப் பாத்தாக்கூட அழறான்டி. ஆனா 'வாழ்க' மட்டும் என்ன சுத்தமா சொல்றான் தெரியுமா! நாளைக்கு நம்ம புள்ள மட்டும் பின்தங்கிடக் கூடாதில்ல?"

கத்திக் கத்தியே நீர்க்கோழி தேசியப் போட்டியில் ஜெயித்தாள். எல்லாரும் கத்தினார்கள், அதனால் நஷ்டம் எல்லாருக்கும் பொது. அடுத்தது வெளிநாட்டில் சர்வதேசப் போட்டி. ஒரு நாட்டுக்கு ஒருத்தி. அவளோடு தலைவரும் செயலாளரும் கிளம்பினார்கள். விசில் சாருக்கு விமானத்தில் இடமில்லை. தலைவரின் மச்சான் 'நீர்நிலை ஆலோசகர்' என்ற பொறுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

தகுதிச் சுற்றில் அவள் ஆணைப்படியே சுவரைத் தொட்டாள், தலையைத் தூக்கினாள், வாழ்த்தினாள். பக்கத்துத் தடத்துப் பெண்ணுக்குப் பயத்தில் புரையேறியது. அப்படியும் நீர்க்கோழி கடைசி ஆளாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. கத்தியதால் போன நேரத்தைக் கழித்துப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் ஜெயிக்கலாம்!

செயலாளரைத் தேடிப் போய்ச் சொன்னாள். "சார், இங்க கல்லே இல்ல. குளமும் சரியா இருக்கு. எதுக்கு சார் கத்தணும்?"

"இங்க கத்தலேன்னா, அங்க எதுக்குக் கத்தினேன்னு கேப்பாங்க. கோளாறு நம்ம குளத்துலதான்னு நீயே தமுக்கடிச்ச மாதிரி ஆயிடும்."

"கத்தினா தோத்துடுவேன் சார்."

"தோத்தா என்னம்மா? தோத்து நமக்குப் பழக்கம்தான். விளக்கம் சொல்றதுதான் கஷ்டம். ஒழுங்கா வாழ்த்து. இல்லேன்னா இதோட நீ வீட்டுக்குத்தான்."

அவள் அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். "கத்தினா கடைசி. கத்தலேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"எப்படியும் வீட்டுக்குத்தானேடி வரப்போற?" என்றாள் அக்கா, அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே. "வர்றதுதான் வர்ற, ஜெயிச்சுட்டு வா."

இறுதிச் சுற்றில் அவளுக்கு ஓரத்துத் தடம். குதித்தாள். பாதித் தூரம் போவதற்குள் மற்றவர்கள் அரை ஆள் நீளம் முந்தியிருந்தார்கள். எதிர்ச்சுவர் வந்தது. வெறும் சுவர், ஒரு எழுத்துகூட இல்லை. அவள் சுருண்டாள். இத்தனை நாள் மடக்கி வைத்திருந்த கால்கள் இரண்டும் சேர்ந்து சுவரை ஒரு உதை உதைத்தன, பாருங்கள்! முங்கினவள் எங்கோ எழுந்தாள். எழுந்த இடத்தில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

தங்கம்.

மேடையில் தலைவர் முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நிருபர்கள் மைக்கோடு ஓடி வந்தார்கள். "போன சுற்றுல ஏதோ கத்தினீங்களே, இந்தத் தடவை ஏன் கத்தல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "கத்தினா. மனசுக்குள்ள. வெளியில வாழ்த்துறது ஆரம்பநிலை, உள்ளுக்குள்ள வாழ்த்துறது உயர்நிலை."

"ஐயோ, நான் எதுவுமே கத்தலைங்க!"

"பாத்தீங்களா? என்ன அடக்கம்!"

தலைவர் முகம் மலர்ந்தது. ஊரில் பாராட்டு விழாவில், "என்ன வேணும், கேளும்மா" என்றார்.

அவள் கூட்டத்துக்கு முன்னாலேயே சொன்னாள். "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். குளத்துல இருக்கிற கல்லை எடுத்துடுங்க. அது இல்லாம இருந்ததாலதான் நான் ஜெயிச்சேன்."

தலைவர் மைக்கை வாங்கினார். "ஒத்தக் கல்லுல பயிற்சி எடுத்ததுக்கே இந்தப் புள்ள தங்கம் வாங்கியிருக்கு. ரெண்டு கல்லு இருந்தா?" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ஒரே மாதத்தில், எதிர்ப்பக்கச் சுவரிலும் ஒரு கருங்கல் ஏறியது. அதில் தங்க எழுத்தில் நீர்க்கோழியின் பெயர். குளம் இப்போது இரண்டு சாண் குறைவு.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருநாள் காலையில் எல்லாரும் பார்க்கக் குதித்தாள். நேராகத் தலைவர் கல்லுக்குப் போனாள். குட்டிக்கரணம் போட்டு, இரண்டு காலாலும் ஓங்கி ஒரு உதை. கரையில் விசில் சார் ஆனந்தத்தில் விசிலை விழுங்கப் பார்த்தார். அதே வேகத்தில் எதிர்ச்சுவருக்கு வந்தாள். கரையில் அக்கா பையனைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "டேய், சித்தி பேருடா! நல்லாப் பாரு!"

நீர்க்கோழி சுருண்டாள். தண்ணீருக்குள் எழுத்துகள் பளபளவென்று மின்னின. கல்தச்சன் அழகாகத்தான் செதுக்கியிருந்தான். தூக்கிய கால் ஏனோ நீளவில்லை. அவள் நிமிர்ந்து, இரண்டு கைகளாலும் கல்லைத் தொட்டு, தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து அடுத்த தடத்தில் ஒரு புதுப் பெண் அம்பு மாதிரி வந்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில் சுருண்டு, கல்லை எட்டி உதைத்துவிட்டுத் திரும்பிப் பறந்தாள்.

நீர்க்கோழிக்குச் சுருக்கென்றது.

"சார்," என்று கரையைப் பார்த்துக் கூப்பிட்டாள், "யார் சார் அது, மரியாதை தெரியாத பொண்ணு?"