வேதியியல் துறைக் கருப்பு

"செல்வக்குமார், கையில என்ன?"

முதல்வரின் குரல் கேட்டு நிமிர்ந்தபோது செல்வக்குமாரின் இடது கை நிறைய சிகரெட் துண்டுகள். வலது கையில் ஆய்வகத்து இடுக்கி.

"பொறுக்கிக்கிட்டு இருக்கேன் சார்."

"ஒரு பேராசிரியர் செய்யிற வேலையா இது? பாக்குறவன் நீங்கதான் குடிச்சுப் போட்டீங்கன்னு நெனைப்பான்."

"கூட்டுறவங்க வர்றதுக்குள்ள மறுபடி விழுந்துருது சார்."

வேதியியல் துறைக் கட்டடத்துக்கும் கல்லூரி மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு சந்து. விளாங்குடி தாண்டி திண்டுக்கல் சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியில் எவன் சிகரெட் பிடிக்க நினைத்தாலும் கால் தானாக அங்கேதான் வரும். ஹான்ஸ் புகையிலை போடுகிறவனும் அங்கேதான் துப்புவான்.

"அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது," என்றார் முதல்வர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "புகையிலை இல்லா வளாகம்னு நமக்குச் சான்றிதழ் தரணும். இந்தச் சந்தப் பாத்தா நம்ம மேல கேஸ்தான் போடுவாங்க. ஏதாவது பண்ணுங்க."

புகையிலை ஒழிப்புக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டபோது கை தூக்கியது செல்வக்குமார் ஒருவர்தான். காரணம் அவருடைய அண்ணன் முத்துப்பாண்டி. பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூறியவர். அவர் தொண்டையைத் திறந்தால் மெயின் ரோட்டில் பஸ் ஏறுகிறவனுக்குக்கூடக் கத்திரிக்காய் விலை தெரிந்துவிடும். கல்லூரியில் சிகரெட்டாகத் தொடங்கி, மார்க்கெட்டில் புகையிலையாக வாய்க்குள் போய் அடங்கிய பழக்கம். போன வருஷம் கீழ்த்தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் பேசுவது மனைவி தாமரைச்செல்விக்கு மட்டும்தான் புரியும்.

அண்ணனை நினைத்துக்கொண்டுதான் செல்வக்குமார் அந்தச் சந்தில் முதலில் ஒரு பலகை வைத்தார். "இங்கே புகை பிடிக்கக் கூடாது" என்று பெரிய சிவப்பு எழுத்து.

எங்கே போய்ப் பிடிப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த முதலாமாண்டுப் பையன்களுக்கு அந்தப் பலகை வழிகாட்டியாக அமைந்தது. மத்தியான வெயிலுக்கு அதன் நிழலும் உதவியது. துண்டுகள் இரண்டு மடங்காயின.

அடுத்து வாட்ச்மேன் மலையாண்டியைச் சந்தின் முனையில் விசிலோடு நிறுத்தினார்.

"எவனாச்சும் பத்த வச்சா ஊதுங்கண்ணே."

மலையாண்டி ஒழுங்காகத்தான் ஊதினார். யாராவது ஆசிரியர் அந்தப் பக்கம் வந்தாலும் மரியாதைக்கு ஒரு விசில் ஊதினார். அதற்குப் பிறகு பையன்கள் நிம்மதியாகப் பிடித்தார்கள். ஆசிரியர் வருவது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் செல்வக்குமார் இதைச் சொல்லிப் புலம்பினார். முத்துப்பாண்டி கட்டிலில் சாய்ந்திருந்தார். தாமரைச்செல்வி அவருக்கு ஒவ்வொரு கரண்டியாகக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதிக் கஞ்சி துண்டில்தான் வடிந்தது.

"சாமி படத்த ஒட்டுங்க தம்பி," என்றாள் அவள். "எங்க தெருவுல சுவத்தோரமா ஒண்ணுக்கு இருந்தவன் பூராம் படம் ஒட்டுனதுக்கப்புறம் அங்கிட்டுப் போறதில்ல."

முத்துப்பாண்டி ஏதோ குழறினார்.

"அண்ணன் என்ன சொல்றாரு மதினி?"

தாமரைச்செல்வி கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "படத்துக்கெல்லாம் திருந்துவாய்ங்களா, என் சட்டைப் பையிலயும்தான் சாமி படம் இருந்துச்சுங்குறாரு."

பிறகு துண்டின் நுனியால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

ஆனாலும் மறுநாள் கல்லூரியிலிருந்து செல்வக்குமார் படம் வாங்கப் புறப்பட்டார். கேட்டில் நின்ற மலையாண்டி ஒரு யோசனை சொன்னார். "லட்சுமி, சரசுவதியெல்லாம் வேணாம் சார். சிரிச்ச மொகம். பயலுக ஒரு கும்பிடப் போட்டுட்டுப் பத்த வச்சுருவாய்ங்க. அருவா வச்ச சாமியா வேணும். கருப்ப வைங்க."

உருட்டிய கண்ணும் முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளுமாகக் கருப்பசாமி படம் போட்ட டைல்ஸ் ஒன்று சந்துச் சுவரில் சிமெண்ட் வைத்துப் பதிக்கப்பட்டது.

மறுநாள் சந்தில் ஒரு துண்டுகூட இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. செல்வக்குமார் இடுக்கியை ஆய்வகத்திலேயே திருப்பி வைத்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை படத்துக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். மாலைக்குக் கீழே ஒரு சுருட்டு.

"கருப்புக்குச் சுருட்டு வைக்கிறது வழக்கந்தான சார்," என்றார் மலையாண்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை சிகரெட் பாக்கெட்டுகள் இருந்தன. அதற்கடுத்த நாள் பீடிக் கட்டுகள், ஹான்ஸ் பொட்டலங்கள், ஒரு லைட்டர். செல்வக்குமார் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டார். மறுநாள் அதைவிடப் பெரிய குவியல். தரையில் துண்டு இல்லை, சாம்பல் இல்லை. ஆனால் சாமியின் காலடியில் ஒரு கடையே விரிந்திருந்தது.

அவருக்கு விஷயம் விளங்கியது. பயல்கள் வேறு எங்கோ பிடிக்கிறார்கள். சாமி கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அவருக்கு ஒரு பங்கைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இத்தனை நாள் தலைமறைவாக நடந்த காரியத்துக்கு இப்போது ஒரு தெய்வத்தின் சம்மதமும் கிடைத்துவிட்டது. அந்தக் குவியலைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அண்ணனின் துண்டில் வடிந்த கஞ்சிதான் கண்ணில் வந்தது.

ஒருநாள் ஒளிந்திருந்து ஒருவனைப் பிடித்தார். மூன்றாமாண்டு வணிகவியல் படிக்கும் பீமாராவ். கண்ணை மூடிக்கொண்டு, பாதி தீர்ந்த சிகரெட் பாக்கெட்டைப் படத்தின் முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். உதடு ஏதோ முணுமுணுத்தது.

"என்னடா பண்ற?"

பீமாராவ் திடுக்கிட்டுத் திரும்பினான். "சாமிக்கு சார்."

"சாமி கேட்டாராடா உன்கிட்ட?"

"இல்ல சார், நானாத்தான். இனி அவரு பாத்துக்கிருவாரு சார். அதாவது சார், நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். பண்றதையும் பண்ணிட்டு சாமியக் கூட்டுச் சேக்குறியா? போ வகுப்புக்கு!"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

ஆய்வுக்கு முந்தின நாள் முதல்வர் சந்தை எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"செல்வக்குமார்! புகையிலை இல்லா வளாகம் பண்ணச் சொன்னா புகையிலைக்குக் கோயில் கட்டி வச்சிருக்கீங்களே!"

"சார், படம் மட்டுந்தான் நான் வச்சேன்..."

"நாளைக்கு ஆய்வுக் குழுத் தலைவியம்மா வந்து பாத்தா நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்கிறது? இன்னைக்குள்ள அது அங்க இருக்கக் கூடாது."

படத்தைப் பதித்த கொத்தனார் போனிலேயே மறுத்துவிட்டார். தனக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன என்றார். தோட்டக்காரர் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார். மலையாண்டி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் கேட்டுக்குத்தான் வாட்ச்மேன் சார். அவரு ஊருக்கே வாட்ச்மேன். அவரப் போயி நான் எப்பிடி வெளியேத்துறது?"

கடைசியில் செல்வக்குமாரே உளியை எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டார். டைல்ஸ் ஏறக்குறைய முழுசாகவே பெயர்ந்தது. அரிவாளின் நுனி மட்டும் சுவரோடு தங்கிவிட்டது. வகுப்பு விட்டு வந்த பையன்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர் படத்தை வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தபோது ஒருவனும் வணக்கம் சொல்லவில்லை.

அழகர்கோவில் பஸ்ஸில் நல்ல கூட்டம். துணி விலகிக் கருப்பின் ஒரு கண் தெரிந்ததும் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பதறி எழுந்துவிட்டாள்.

"அய்யய்யோ, சாமியக் கையில வச்சுக்கிட்டு நிக்காதீங்க. உக்காருங்க."

மடியில் கருப்போடு செல்வக்குமார் உட்கார்ந்து போனார். அழகர்கோவில் கருப்பு சன்னதிக்குப் பக்கத்தில் பழைய சாமி படங்களை விட்டுவிட்டுப் போகிற ஒரு மரத்தடியில், மற்றப் படங்களுக்கு நடுவே அதைச் சாய்த்து வைத்தார்.

"கோவிச்சுக்கிறாதீங்க சாமி. பயலுக வாய் நல்லா இருக்கணும். அதுக்குத்தான் செஞ்சேன்."

கருப்பு உருட்டிய கண்ணை இமைக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வக்குமாருக்கு அங்கே அதிக நேரம் நிற்கத் துணிவு வரவில்லை.

மறுநாள் காலையில் ஆய்வுக் குழுவின் தலைவி வந்தார். வகுப்பறைகளைப் பார்த்தார், கேன்டீனைப் பார்த்தார், சந்துக்குள்ளும் குனிந்து பார்த்தார். கழுவி விட்ட தரை பளிச்சென்று இருந்தது. சுவரில் சதுரமாக ஒரு சிமெண்ட் தழும்பு மட்டும்.

"இதென்ன சார்?"

"சுவர் கொஞ்சம் உப்புப் பூத்திருந்துச்சு மேடம், சரி பண்ணிருக்கோம்," என்று முதல்வர் முந்திக்கொண்டார்.

மத்தியானமே அரங்கத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். முதல்வர் செல்வக்குமாருக்குச் சால்வை போர்த்தினார். "இந்த வெற்றிக்கு முழுக் காரணம் நம்ம செல்வக்குமார்தான்," என்று மைக்கில் சொன்னார். முன்வரிசை ஆசிரியர்கள் கை தட்டினார்கள். பின்வரிசையில் பீமாராவ் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி இருந்தவர்களும் தட்டவில்லை. திருந்தாத கூட்டம் என்று செல்வக்குமார் வருத்தப்பட்டார். இருந்தாலும் இனி புதிதாக வருகிற பிள்ளைகளாவது தப்பித்துக்கொள்ளும்.

சான்றிதழைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அண்ணனிடம் காட்ட வேண்டும். அவருக்குச் சிரிக்க வராது. கண்ணாவது கொஞ்சம் சிரிக்கும்.

சாயங்காலம் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பரவைக்குப் பஸ் ஏற நிறுத்தத்துக்கு வந்தபோது, பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து மாயக்காள் ஓடிவந்தாள். கல்லூரிக்குப் பக்கத்தில் புகையிலை விற்கக் கூடாது என்று சாலையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்கு ஓர் எட்டு தள்ளித்தான் அவள் கடை. தன்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று செல்வக்குமார் ஒதுங்கி நின்றார். மாயக்காள் அவர் கையில் ஒரு கலர் சோடா பாட்டிலைத் திணித்தாள். திறந்தே கொண்டுவந்திருந்தாள்.

"குடிங்க சார். காசு கீசுன்னு எடுத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"பின்ன என்ன சார், இனி தொடவே மாட்டேன்னு அந்தக் கருப்புகிட்டச் சத்தியம் பண்ணி, பையில கெடந்தத அவரு காலடியிலயே போட்டுட்டு, ஒரு பயகூட என் கடைப்பக்கம் எட்டிப் பாக்காம இருந்தாய்ங்க, நீங்க மகராசன் அவரத் தூக்குனீங்க, இன்னைக்கு ஒரே நாள்ல கடையில இருந்த அம்புட்டு சிகரெட்டும் வித்துப்போச்சு!"