அப்பா சிவக்க வைத்த வானம்

"கல்யாண நாளன்னிக்கு உங்கம்மாவுக்காக வானத்தையே சிவக்க வைக்கப் போறேன்!" என்று அப்பா என்னிடம் சபதம் போட்டார். இதை மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு படியுங்கள். அப்பா குரல் வரும். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவது என் வழக்கம்.

எங்களிடம் ஒரு குட்டிப் படகு உண்டு. கடலில் ஆபத்து வந்தால் கொளுத்திக் காட்ட அதில் நாலைந்து ஃபிளேர் இருந்தன. சிவப்பு நெருப்பு சீறும். பார்த்ததும் மீட்புப் படகு ஓடி வரும். அவற்றின் தேதி முடிந்துவிட்டது. அப்பா அவற்றைப் பெட்டியில் வைத்துத் தடவித் தடவிக் கனவு கண்டார். செக்கர் வானம், செக்கர் கடல், நடுவே செக்கச்செவேலென்று அம்மா.

சபதம் அம்மா காதுக்குப் போயிற்று. யார் கொண்டுபோனது என்று கேட்காதீர்கள்.

"ஏங்க, அதைக் கொளுத்தினா நாம மூழ்குறோம்னு நினைச்சு ஆளுங்க பதறி வருவாங்களே?"

"தேதி முடிஞ்சுபோச்சு. பவர் இருக்காது. சும்மா மத்தாப்பு மாதிரி."

"உங்களுக்கும்தான் வயசாச்சு. கோவம் போயிடுச்சா?"

"அது வேற."

"பழசானா எப்ப வெடிக்கும், எந்தப் பக்கம் வெடிக்கும்னே தெரியாது. கை போயிடும்."

"அப்ப குப்பையில போடவா?"

"குப்பை அள்ளுறவருக்குக் கை வேணாமா?"

"கடல்ல?"

"மீன் என்ன பாவம் பண்ணுச்சு?"

அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டார். "சரி, உங்க இஷ்டம்" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டுப் பல்லிகூட உஷாராகிவிடும். அப்பா மட்டும் நம்பினார்.

கல்யாண நாள் காலை. அம்மா, மூடி போட்ட டப்பா ஒன்றை நீட்டினாள். "என் சிநேகிதியோட கண்ணாடிச் சாமான். துறைமுகத்துல, கடலோரக் காவல் ஆபீஸ்ல இருப்பா. சொல்லி வெச்சிருக்கேன். குலுக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க."

அப்பா பச்சைக் குழந்தையைப் போல ஏந்திப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே ஓர் அதிகாரி டப்பாவை வாங்கி, "உங்களை மாதிரி பொறுப்பா ஒப்படைக்கிறவங்க எத்தனை பேர் சார்!" என்று சல்யூட் அடித்தார். அவருக்குக் கட்டைத் தொண்டை. அதை மாலைக்குள் பழகிவிட்டேன். கண்ணாடிச் சாமானுக்கு எதற்கு சல்யூட் என்று அப்பா கேட்கவில்லை. நாள் முழுக்க மிதந்தார்.

மாலை. எங்கள் மூவரோடு படகு கரையோரம் தொட்டில் போல ஆடியது. கடல் எது, வானம் எது என்று தெரியாத சாம்பல் நிறம். அப்பா கனைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

உள்ளே சுருட்டி அடுக்கியிருந்தவை அவருடைய சாக்ஸ்.

"ஃபிளேர் எங்க?"

"காலையில நீங்கதானே ஒப்படைச்சீங்க. சல்யூட்கூட அடிச்சாங்களாமே?"

"அப்ப படகுக்கு?"

"புதுசு வாங்கியாச்சு. என் காலடியில இருக்கு. மூழ்கும்போது கேளுங்க, தரேன்."

அப்பா நம்பவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு சாக்ஸாக உதறினார்.

அப்போதுதான் மேகம் விலகியது. வானம் பற்றிக்கொண்டது. கடல் சிவந்தது. துடுப்பு சிவந்தது. அம்மாவின் முகம், அப்பா கனவில் கண்டதைவிடச் சிவந்தது. நான்கூட யார் குரலிலும் பேசவில்லை.

"ஏங்க, மேல பாருங்க."

"இரு, இன்னும் ஒரு ஜோடி பாக்கி."

அவர் நிமிர்ந்தபோது இருட்டியிருந்தது.

"சொன்ன மாதிரியே சிவக்க வெச்சுட்டீங்க" என்றாள் அம்மா.